மார்கழியில் திரும்பிய சூரியன்

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு எல்லாம் தெரியும். ஒருவர் பெரியப்பா. மற்றவள் நான். பெரியப்பா முப்பது வருசம் துறைமுகக் கந்தோரில் இருந்தவர். கப்பல் வருகிற நேரத்தையும் கடல் ஏறி வற்றுகிற நேரத்தையும் எழுதி எழுதி, மற்றவர்கள் சொல்வதெல்லாம் பிழை என்ற முடிவுக்கு வந்திருந்தார். நான் எதைக் கொண்டுபோனாலும் முழுக்கக் கேட்காமலே "பிழை" என்பார். ஒரு தரமாவது அந்த மனிசன் வாயால் "சரி" என்று சொல்லவைக்காமல் விடுவதில்லை என்பது என் வைராக்கியம்.

அந்த மாரியில் அவர் படுத்த படுக்கையானார். வயிற்றுக்குள் வருத்தம். கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. கார்த்திகை தாண்டமாட்டார் என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார். பெரியப்பாவுக்கும் போனால் போதும் என்றுதான் இருந்தது, அவ்வளவு நோ. ஆனால் ஒரு பயம். ஆடியிலிருந்து மார்கழி முடியும்வரை சூரியன் தெற்கே போகிற தட்சிணாயனம். அந்தக் காலத்தில் உயிர் போனால் மேலுலகக் கதவு சாத்திக் கிடக்கும், தை பிறந்து சூரியன் வடக்கே திரும்பினால்தான் திறக்கும் என்று நம்பினார். பெரியம்மா அந்த நம்பிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் முப்பது நாள்தான். கதவு திறக்கட்டும், பிறகு போங்கோ" என்று சொல்லிச் சொல்லிக் கஞ்சி பருக்குவார். பெரியப்பாவும் பல்லைக் கடித்துக்கொண்டு குடிப்பார்.

அவர்களுடைய ஒரே மகன், எங்கள் அண்ணா, வெருகலுக்கு அங்கால் படிப்பித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரப் பயண அனுமதிப் பாஸ் கிடைக்கும் என்று இரண்டு முறை சொல்லிக் கிடைக்கவில்லை. இரண்டு முறையும் பெரியப்பா வாசலைப் பார்த்துப் பார்த்துக் களைத்து, கஞ்சியைத் தொடாமல் கிடந்தார். மூன்றாம் முறை, பொங்கலுக்கு முதல்நாள் மூதூர் லோஞ்சுப் படகில் வருகிறேன் என்று ஆள்மூலம் கடிதம் வந்தது. பெரியம்மா அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "அவருக்கு மூச்சுக் காட்டக் கூடாது" என்றார். பாஸை நம்ப ஏலாது. சூரியனுக்குப் பாஸ் தேவையில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி என்று நான் தப்பிக்க முடியாது, என் முன்னால்தான் பேசினார்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு முன்னம் விஞ்ஞான ரீச்சர் ஒரு தோடம்பழத்தில் ஈர்க்குக் குத்திக் காட்டினார். பூமி நிமிர்ந்து நின்று சுற்றவில்லை, ஒரு பக்கம் சாய்ந்து நின்று சுற்றுகிறது. அந்தச் சாய்வால்தான் பருவங்கள், அதனால்தான் சூரியன் தெற்கே போவதும் வடக்கே திரும்புவதும். திரும்புவது டிசம்பர் இருபத்திரண்டை ஒட்டி, தை முதலாம் நாள் அல்ல. அந்தச் சாய்ந்த அச்சும் களைத்த பம்பரத்தின் தலைபோல மெல்ல மெல்ல ஒரு வட்டம் போடுகிறதாம். எங்கள் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்து எண்ணுவதால், எழுபது வருசத்துக்கு ஒரு நாளாகப் பிந்திப் பிந்தி இப்போது மூன்று கிழமைக்கு மேல் வித்தியாசம். ஒரு காலத்தில் தைப் பிறப்பும் சூரியன் திரும்புவதும் ஒன்றாகத்தான் இருந்ததாம். வகுப்பில் எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். எனக்கோ பெரியப்பாவின் முகம் கண்ணுக்குள் நின்றது. அகப்பட்டார் மனிசன்!

பெரியப்பாவின் அறை கடலைப் பார்த்த அறை. ஜன்னல் பலகையில் ஒரு ஓட்டை இருந்தது. யாரோ யாருக்கோ வைத்த துப்பாக்கி வெடி வழிதவறி எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போன அடையாளம். காலையில் சூரியன் கடலை விட்டு எழும்பும்போது அந்த ஓட்டையால் ஒரு வெளிச்சப் பொட்டு எதிர்ச்சுவரில் விழும். டிசம்பர் ஐந்தாம் திகதி அந்தப் பொட்டின்மேல் பென்சிலால் முதல் புள்ளி வைத்தேன். "சுவரை ஊத்தையாக்காதை" என்றார் பெரியப்பா. மழை விட்ட காலைகளில் எல்லாம் வைத்தேன். பொட்டு கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்தது, நத்தார்ப் பண்டிகையை ஒட்டி அசையாமல் நின்றது, பிறகு வந்த வழியே திரும்பியது. ஜனவரி எட்டாம் திகதி காலையில் முதல் புள்ளியிலேயே வந்து குந்தியது.

பெரியம்மா குசினியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நின்றார். நான் கட்டிலடிக்குப் போனேன்.

"பெரியப்பா, சூரியன் எப்பவோ திரும்பிற்றுது. நீங்கள் தை வரைக்கும் எண்ணிக்கொண்டிருக்கிறது வீண்."

"பிழை."

"சுவரைப் பாருங்கோ."

பார்த்தார். வாழ்நாளெல்லாம் கடலின் கணக்கு எழுதியவருக்கு என் புள்ளிகளைப் படிக்க வெகுநேரம் எடுக்கவில்லை. இது எத்தனையாம் திகதி, இது எத்தனையாம் திகதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோடம்பழத்தையும் பம்பரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"சரி பிள்ளை" என்றார். "நீ கெட்டிக்காரி. அப்ப கதவு திறந்து கிடக்குது, என்ன?"

"ஓம் பெரியப்பா. பதினேழு நாளாத் திறந்துதான் கிடக்குது."

அந்தப் பதினேழு நாளை நான் எப்படி இழுத்து ராகம் போட்டுச் சொன்னேன் என்பது இன்றைக்கும் காதில் விழுகிறது. நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள், எனக்கு என் கெட்டித்தனம் பெரிதாகப் போய்விட்டது.

அன்று மத்தியானம் அவர் கஞ்சி வேண்டாம் என்றார். "இன்னும் ஆறு நாள்தானே, என்ர ராசா, ஒரு வாய்" என்று பெரியம்மா கெஞ்சினார். அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பதினோராம் திகதி விடியப் போய்விட்டார். அண்ணாவுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. ஊரடங்குக்கு முந்தி எடுக்கவேண்டும் என்று பின்னேரமே எடுத்துவிட்டார்கள்.

எடுக்கும் முன் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். "கதவு திறக்க முந்திப் போயிட்டீங்களே" என்று பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். எனக்கு அது பொறுக்கவில்லை.

"பிழை, பெரியம்மா" என்றேன். "கதவு திறந்துதான் இருக்குது. நான் பெரியப்பாவுக்குச் சுவரில காட்டினனான்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அழுகை நின்றுபோயிற்று. என்னை இழுத்து, மேற்கொண்டு ஒரு சொல்லும் வெளியே வராதபடி என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார்.

அண்ணா சொன்ன நாளில், சொன்ன லோஞ்சில், தகப்பனுக்கென்று ஒரு முட்டி தயிரும் சுமந்துகொண்டு வந்தார். வாசலிலேயே விசயம் விளங்கிவிட்டது. முட்டியைக் கீழே வைக்கத் தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார்.

"பொங்கல் வரைக்கும் தாங்குவார் எண்டுதானே அம்மா எழுதினீங்கள்? ரெண்டே ரெண்டு நாள். என்ன நடந்தது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவருக்குப் பொறுக்க ஏலாமப் போச்சு, தம்பி. வேற ஒண்டுமில்லை" என்றார்.

பிறகு அறைக்குள் போய்ப் பார்த்தேன். யாரோ ஈரத்துணியால் தேய்த்திருந்தார்கள், சுவரில் ஒரு புள்ளியும் இல்லை. எனக்குப் பெரிய மனத்தாங்கல். அவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லியும் பெரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.