அணைத்த பிறகும் மினுங்கிய விளக்கு

என் கணவர் ஹாய்-ஷெங்குக்கு ஒரு பெருமை உண்டு. முப்பத்தைந்து வருடமாகத் தைவானின் கீலுங் ஊரில் கரண்ட் வேலையும் குழாய் வேலையும் பார்க்கிறார். ஒரே வேலைக்காக யார் வீட்டுக்கும் இரண்டாம் தடவை போனதில்லை என்பார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. அவர் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து டார்ச் பிடிக்க நானும் கூடப் போகிறேன்.

சீனக் காலண்டரில் ஏழாம் மாதம், செத்தவர்கள் உலவும் மாதம். மழை பெய்த ஒரு மத்தியானம் எங்கள் சந்திலேயே இருக்கும் லான்-யிங் அக்கா கூப்பிட்டனுப்பினாள். சமையலறையில் புது எல்இடி பல்பு போட்டாளாம். அணைத்த பிறகும் அது லேசாக மினுங்குகிறதாம். இரண்டு வருடம் முன்பு அதே இடத்தில் பல்பு மாற்றும்போது ஸ்டூலிலிருந்து விழுந்து இறந்தவன் அவள் ஒரே மகன் போ-ரூய். அவன்தான் வந்திருக்கிறான் என்று சந்து முழுக்கப் பேச்சு. எனக்கு எரிச்சலாக இருந்தது. செத்தவனையாவது சும்மா விடக்கூடாதா?

என் கணவர் சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்டரை ஹோல்டரில் வைத்தார். எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். எரிந்தது.

சுவிட்சுப் பெட்டியைக் கழற்றினார். உள்ளே சுற்றியிருந்த டேப்பின் நுனி மடித்து ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டுகிறவர் ஊரிலேயே ஒருவர்தான். பதினாறு வருடம் முன்பு, அதுவும் ஓர் ஏழாம் மாதம், அந்தச் சுவிட்சைப் போட்டவர் இவரே. சுவரை இடித்து, கரண்ட் வரும் பேஸ் கம்பியைச் சுவிட்சுக்கு இழுத்திருக்க வேண்டும். இந்த மாதத்தில் சுவரில் உளி படக்கூடாது என்று அக்காவின் கணவர் தடுத்துவிட்டார். இவரும் பக்கத்துச் சாமி விளக்குக்குப் போகும் நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பியில், சுவிட்சைக் கோத்துவிட்டு, மாதம் முடிந்ததும் வந்து மாற்றுகிறேன் என்றார். போகவில்லை. அன்றிலிருந்து அணைத்தாலும் விளக்குதான் அணைந்தது. ஹோல்டரில் கரண்ட் அப்படியே இருந்தது. கூரை ஒழுகும் சமையலறை, ஈரக் கை. அந்த ஹோல்டரைத்தான் போ-ரூய் தொட்டிருக்கிறான்.

அக்கா டீயோடு வந்தாள்.

"போ-ரூய் இல்லையே, தம்பி?"

"கரண்ட்தான்க்கா."

"அவன் வந்தா என்னைத் திட்டத்தான் வருவான். அன்னிக்கு சுவிட்சை அணைச்சுட்டு ஏறுடான்னு நான்தான் சொன்னேன். இருட்டுல கால் தவறிடுச்சு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா பிள்ளை இருந்திருப்பான்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும். இவர் உளியை எடுத்தார். இந்த மாசத்துல இடிக்கலாமா என்று அவள் கேட்டாள். இவர் உளியைச் சுவரில் வைத்து இடித்தார். சாயங்காலத்துக்குள் புதுக் கம்பி இழுத்து, பேஸில் சுவிட்சைக் கோத்து, அணைத்துவிட்டு டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

"பழைய ஒயர்தான்க்கா. இனிமே மினுங்காது."

அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீ தொட்ட வேலை நிலைச்சு நிக்கும் என்றாள். வாசல்வரை வந்தும், தான் அன்று அணைக்கச் சொல்லியிருக்கக் கூடாது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானும் வாய் திறக்கவில்லை. எங்கள் பாவத்தை அவள் தலையிலேயே விட்டுவிட்டுப் படி இறங்கினோம்.