நான் கிளப்பிவிட்ட குட்டி மோட்டார்

எங்கள் மாமாவின் கல்யாணத்தை நடத்திவைத்தது யார் என்று கேட்டால், தெய்வம் என்பாள் அம்மா. தெய்வமும் இல்லை, மண்ணும் இல்லை. நான்தான்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்ட சமயம். அம்மாவின் தம்பியான மாமா, பட்டாளத்தில் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர், ஒரு குட்டி மோட்டாரோடு தென்காசிக்குத் திரும்பி எங்கள் வீட்டிலேயே தங்கினார். இரண்டு சின்னச் சக்கரம், ஒரு ஆள் உட்காருகிற மட்டுக்கு ஆசனம். அதற்கு ஸ்கூட்டர் என்று பெயர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பெட்ரோல் குழாயில் ஒரு பித்தளைத் திருகு உண்டு. கீழே பார்த்து நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. எனக்கு ஒன்பது வயது. வண்டியையே சுற்றிச்சுற்றி வந்ததில் அது அத்துப்படி.

அந்த வருஷம் சீசனுக்குக் குற்றாலத்தில் வீடெடுத்துத் தங்கியிருந்த ஒரு மதுரைக் குடும்பத்தில் மாமாவுக்குப் பெண் பேசினார்கள். மறுநாள் அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். அடுத்தாற்போல ஆடி பிறந்துவிடும். அன்று போய்ப் பார்க்காவிட்டால் அந்தச் சம்பந்தத்தை மறந்துவிட வேண்டியதுதான். அப்பா வேறு, மாப்பிள்ளை சொந்த மோட்டாரில் வருவார் என்று அங்கே அளந்து வைத்திருந்தார். ஆகவே மோட்டார் முன்னே போக, நாங்கள் வில்வண்டியில் பின்னே போவதாக ஏற்பாடு. ராகுகாலம் பிறக்க ஒரு மணி நேரம்கூட இல்லை.

மாமா உதைத்தார். இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி உதைத்தார். அந்த இருமலும் இல்லை.

அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தார். சாரல் ஈரம் ஏறியிருக்கும் என்று சொல்லி மாமா பிளக்கைக் கழற்றி நீட்டினார். அம்மா பட்டுச் சேலையோடு அடுப்படிக்கு ஓடி, அதை இடுக்கியில் பிடித்துத் தணலில் வாட்டிக்கொண்டு வந்தாள். மாட்டி உதைத்தால், ஊஹூம். கண்ணேறுதான் என்று தீர்மானித்த வில்வண்டிக்கார அண்ணாச்சி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருக்கோடிவரை தள்ளினார். பழம் நசுங்கியது, அப்பாவுக்கு வியர்த்தது, அவ்வளவுதான்.

எங்கள் அப்பா சகுனத்துக்கு அடிமை. பூனை குறுக்கே போனதற்காகத் திருநெல்வேலிப் பயணத்தையே ஒரு வாரம் தள்ளிப்போட்ட மனுஷர். மூச்சு வாங்க நின்று சொல்லிவிட்டார்:

"இன்னொரு மட்டம் பாப்பம் மாப்ள. அதுக்கும் கெளம்பலன்னா தெய்வத்துக்குச் சம்மதம் இல்லன்னு அர்த்தம். விட்டுருவோம்."

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அவனை மாலையும் கழுத்துமாகப் பார்க்க வேண்டும் என்று தவம் கிடந்தாள். அவளைப் பார்த்து எனக்கும் அழுகை முட்டியது. மாமா மட்டும் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பார்த்தேன், திருகு குறுக்கே நின்றது. அட, பதற்றத்தில் மறந்துவிட்டாரே! மாமா துணியைப் போடத் திரும்பிய நேரத்தில் அதைக் கீழே திருப்பிவிட்டேன். அவர் வந்தார், குனிந்தார், திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் குறுக்கே வைத்தார். கல்யாணப் பயம் வந்தால் ஆம்பிளைகளுக்குத் திறப்பும் அடைப்பும் மாறிப்போகும்போல என்று நினைத்துக்கொண்டேன். அம்மா நெற்றியில் விபூதி பூச, அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது இன்னொரு தடவை திருப்பினேன்.

ஒரே உதை. தெருவே அதிர்ந்தது.

மாமா செங்கோட்டைக்குப் போகிற நாளெல்லாம் அது அப்படித்தான் ஒரே உதையில் கிளம்பும். இன்ஜினைச் சோதிக்கப் போகிறேன் என்று வாரத்துக்கு இரண்டு தடவை, இஸ்திரிச் சட்டையும் படிய வாரிய தலையுமாகப் போய்வருவார். இன்ஜினைச் சோதிக்க இஸ்திரிச் சட்டை எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். அப்பா வில்வண்டியில் ஏறிவிட்டார். மாமா மட்டும் வண்டியை எடுக்காமல் திருகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நீயா தொறந்த?"

"ஆமா மாமா. ரெண்டு மட்டமும் நாந்தான்."

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அவர் என் தலையில் கையை வைத்தார். செங்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். இன்ஜினைச் சோதிக்கப் போக மனசு போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு வண்டியைக் குற்றாலம் பார்க்கத் திருப்பினார்.

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம். அதற்கு முந்தின வாரம் மாமா அந்த மோட்டாரை விற்றுவிட்டார். அவ்வளவு நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது விற்பார்களா? எனக்கு வந்த கோபத்தில், தாலி கட்டி முடிகிறவரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.