பிரிக்காத இரண்டாம் பாகம்

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம், ஒருமுறைகூட ஆடிப் பார்க்காத ஒரு வீடியோ கேமைப் பற்றி மூன்று மாதம் வாரந்தவறாமல் கருத்துச் சொன்னேன். ஏதோ நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் இல்லை. எந்தப் பாட்டு கஷ்டம், எந்த இடத்தில் சுண்டுவிரல் வலிக்கும், முதல் பாகத்தைவிட எதில் தேவலை, எதில் மட்டம் என்று புட்டுப் புட்டு வைத்தேன். அத்தனையையும் பொறுமையாகக் கேட்டவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த என் தாய்மாமா.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. அதற்கு முந்தைய வருஷம் லீவில் வந்தபோது, பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கித்தார் வந்திறங்கியது. அம்மா எதிர்பார்த்தது மிக்ஸி. அந்தக் கித்தாருக்குத் தந்தி கிடையாது. கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான், வயிற்றில் தட்டுவதற்கு ஒரு சின்னப் பட்டை. கூடவே ஒரு கறுப்புப் பெட்டியும் டிஸ்க்கும். பெட்டியை டிவியில் மாட்டினால் திரையில் ஒரு ரோடு வரும். ரோட்டில் கலர் கலராக வில்லைகள் இறங்கும். வில்லை திரையின் அடியில் இருக்கும் கோட்டைத் தொடும் நேரத்தில் அதே கலர் பொத்தானை அமுக்கிப் பட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டு ஓடும், கூட்டம் கைதட்டும். தவறினால் டொய்ங் என்று ஒரு சத்தம், கூட்டம் ஊளையிடும். எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. எங்கள் மேல அடையவளஞ்சான் வீதியில் அந்த ஊளை நாலு வீடு தாண்டிக் கேட்டது.

லீவு முழுக்க மாமாவும் நானும் கித்தாரைக் கீழே வைக்கவில்லை. அப்பா மண்ணச்சநல்லூரில் விதைக்கடை வைத்திருந்தார். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே, “இவன் பொண்ணு பாக்க வந்தானா, பாட்டு வாசிக்க வந்தானா?” என்று அம்மாவிடம் கேட்பார். பெண் அமையவில்லை. மாமா கிளம்பும்போது, “நல்லா பழகி வை பாப்பா. ரெண்டாவது பாகம் வருதாம். வந்ததும் அனுப்பறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது வருவதற்குள் காணும் பொங்கல் வந்துவிட்டது. முக்கொம்பு போனோம். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளிடம் பெருமையடிப்பதற்காகக் கித்தாரையும் தூக்கிக்கொண்டு போனேன். பூங்காவில் டிவிக்கு எங்கே போவது. தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். கட்டுச்சோறு தின்று பெரியவர்கள் மர நிழலில் சாய்ந்ததும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட எழுந்தார்கள். பந்து இருந்தது, மட்டையை யாரும் எடுத்து வரவில்லை. எல்லோரும் என் தோளைப் பார்த்தார்கள். முதல் பேட்டிங் எனக்கு என்றால் சம்மதம் என்றேன். மூன்றாவது பந்தை இழுத்து அடித்தேன். பந்து மரத்துக்கு மேலே போனது. இன்றைக்கு வரைக்கும் நான் அடித்த ஒரே சிக்ஸர் அதுதான். கித்தாரின் கழுத்து பிளந்து, உள்ளிருந்த ஒயர் வெளியே தொங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டேன். முழு ஆண்டுப் பரீட்சை முடியும்வரை கேமைத் தொடப்போவதில்லை என்று அம்மாவிடம் அறிவித்தேன். அம்மா அசந்துபோனாள். எதிர்வீட்டு மாமியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். “அக்காவப் பாத்துக் கத்துக்கடா,” என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். முக்கொம்பில் விக்கெட் கீப்பராக நின்று அத்தனையும் பார்த்தவன் அவன். வாயைத் திறக்காமல் அடியை வாங்கிக்கொண்டான். என் பென்சில் பெட்டியை அதற்கு முதல் நாளே அவனுக்குக் கொடுத்திருந்தேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. மாமாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த லால்குடிக்காரர் ஒருவர் சில நாள் லீவில் வந்தபோது, பவுடர் டப்பா, தைலம், பேரீச்சம்பழத்தோடு அதையும் கொண்டுவந்து கொடுத்தார். டிஸ்க் வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவைப் பிரவுன் டேப்பால் நாலு சுற்றுச் சுற்றி, மேலே என் பெயரை எழுதியிருந்தார் மாமா. அட்டையில் ஒருத்தன் நெருப்புக்கு நடுவே கித்தாரோடு குதித்துக்கொண்டிருந்தான். டேப்பைப் பிரிக்காமலே பரணில் போர்வை மூட்டைக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டேன்.

துபாயில் வெள்ளிக்கிழமை லீவு. சாயங்காலம் ஆறு மணிக்கு மாமா கூப்பிடுவார். வீட்டுக்கு ஒரே செல்போன். முதலில் அப்பா, வேலை எப்படி, விசா புதுப்பித்தாகிவிட்டதா என்று கேட்பார். அம்மா சாப்பாட்டை விசாரித்துவிட்டு, வரும்போது என்னென்ன வாங்கி வர வேண்டும் என்று பட்டியல் வாசிப்பாள். பெரியம்மா வந்திருந்தால் அவள் பட்டியல் தனி. கடைசியாகத்தான் என் கைக்கு வரும். வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்ததால், நான் போனோடு மொட்டைமாடிக்கு ஓடிவிடுவேன்.

“பாப்பா, பார்சல் வந்துச்சா? பிரிச்சுப் பாத்தியா?” என்றார் அந்த வாரம். குரலில் ஏதோ தயக்கம். கித்தார் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள், “சூப்பரா இருக்கு மாமா. டெய்லி விளையாடறேன்,” என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் சட்டென்று நின்றது. லைன் போய்விட்டதாக நினைத்தேன்.

“டெய்லியா?”

“ஆமா மாமா.”

“அப்படியா. சரி, சொல்லு. மொதல் பாகத்தைவிட நல்லாருக்கா?”

அடுத்த வாரம் விளக்கமாகச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். மறுநாள் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் என்று வீட்டில் புளுகிவிட்டு, தெற்குச் சித்திரை வீதியில் ஓர் அக்கா நடத்திய ப்ரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். கேமின் பெயரை அடித்ததும், விளையாடியவர்களின் அபிப்பிராயங்கள் பக்கம் பக்கமாக வந்து விழுந்தன. உலகத்தில் இத்தனை பேர் இதே வேலையாக இருக்கிறார்களா என்று மலைத்துப்போனேன். ஒருத்தர் பாட்டுகள் பிரமாதம் என்றார். அடுத்தவர், இதெல்லாம் ஒரு பாட்டா, காது போயிற்று என்றார். பழைய கித்தாரே இதற்கும் போதும் என்று ஒருவர் மகிழ்ந்திருந்தார். புதுக் கித்தாரில் பட்டை லொடலொடக்கிறது என்று இன்னொருவர் சாபம் விட்டிருந்தார். எதிராளியோடு மோதும் போட்டி ஒன்று இரண்டாம் பாகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தது. அது தேவையே இல்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்து, புரிந்ததையெல்லாம் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மாடியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டுதான் பேசுவேன். வாரத்துக்கு ஒருவருடைய அபிப்பிராயம் என் வாயில் வந்ததுதான் வம்பாகப் போயிற்று.

“பாட்டெல்லாம் மோசம்னு போன வாரம் சொன்னியே பாப்பா?”

“அது பழகாதப்ப மாமா. இப்ப பழகிருச்சு.”

“ஓ. அப்ப அந்தப் போட்டி?”

“அது வேஸ்ட் மாமா. நாலு வயசுப் பொண்ணுகூட ஜெயிச்சிரும்.”

“எந்தப் பொண்ணு?”

யாரோ ஒருத்தர் தன் மகளைப் பற்றி எழுதியிருந்ததை நான் அப்படியே வாசித்திருந்தேன். “பக்கத்து வீட்டுப் பொண்ணு மாமா,” என்றேன். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தது ரிட்டயரான ஒரு தலைமையாசிரியரும் அவர் மனைவியும் மட்டும்தான். அது மாமாவுக்கும் தெரியும்.

“கெட்டிக்காரப் பொண்ணா இருக்கும்போலருக்கே,” என்றார் மாமா. அவளுக்கு என்ன பெயர், எந்தக் கையால் தட்டுகிறாள் என்று கேட்டார். நான் பெயர் வைத்தேன், இடது கை என்றேன். அப்புறம் வாராவாரம் அவளையும் விசாரிக்கத் தொடங்கினார். அவளுக்கு அம்மை போட்டது, பல் ஆடியது என்று நானும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. முன்பெல்லாம் ஐந்து நிமிஷம் பேசுவோம். இப்போது முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருமுறை அம்மா போனிலேயே, “அவ அந்தக் கேமைத் தொடறதே இல்லடா, படிப்பு படிப்புன்னு கெடக்கறா,” என்று பீற்றிக்கொண்டபோது எனக்கு உயிர் போய் வந்தது. மாமா என்ன சொன்னாரோ, அம்மா சிரித்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினாள். மாடிக்குப் போனதும் மாமா அதைப் பற்றி மூச்சு விடவில்லை, ஆறாவது பாட்டு வந்துவிட்டதா என்றுதான் கேட்டார். இவ்வளவு அப்பாவியாக ஒரு மனுஷன் துபாயில் எப்படிப் பிழைக்கிறாரோ என்று எனக்கு அவரை நினைத்துப் பாவமாக இருந்தது.

பரீட்சை முடிந்தது. “இனிமேயாவது எடுத்து விளையாடேண்டி,” என்றாள் அம்மா. மாமா வந்ததும் அவரோடு சேர்ந்துதான் விளையாடுவேன் என்றேன். அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மே மாதம் மாமா வருகிற தேதி தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கித்தார் உடைந்ததற்கு அடி விழுந்தால் விழட்டும். நான் சொன்னது அத்தனையும் புளுகு என்று தெரிந்துவிட்டால் மாமா அப்புறம் என்னோடு பேசவே மாட்டார் என்பதுதான் பயம். வீட்டில் நான் பேசுவதை அவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்க வேறு யாரும் கிடையாது. மாடிக்குப் போய்த் தனியாக அழுதேன்.

மாமா காலை விமானத்தில் வந்தார். குளித்து, சாப்பிட்டு, பெட்டியைத் திறந்து, அவரவர் பட்டியலில் இருந்ததை அவரவரிடம் கொடுத்தார். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“வா பாப்பா, ஒரு கை பாத்துருவோம். அந்தப் பொண்ணையும் வேணா கூட்டிட்டு வா.”

ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்வை மூட்டையையும் டப்பாவையும் பரணிலிருந்து இறக்கி அவர் முன்னால் வைத்தேன். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. முக்கொம்பு, சிக்ஸர், பென்சில் பெட்டி, ப்ரவுசிங் சென்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா கித்தாரைத் தூக்கிக் கழுத்தை ஆட்டிப் பார்த்தார். “நெசமாவே சிக்ஸரா?” என்று மட்டும் கேட்டார். பிறகு டப்பாவை எடுத்து, நாலு சுற்று டேப்பையும் நிதானமாக உரித்துத் திறந்தார். உள்ளே டிஸ்க் இல்லை.

அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து அதில் பொருத்தினார்.

“அனுப்பறதுக்கு முன்னாடி ஓடுதான்னு ரூம்ல போட்டுப் பாத்தோம். மிஷின்லயே விட்டுட்டு வெறும் டப்பாவை அனுப்பிட்டேன். மொத வாரம் அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ சூப்பரா இருக்குன்னுட்ட.”

எனக்கு அழுகை நின்றுவிட்டது. “தெரிஞ்சுகிட்டே ஏன் மாமா வாராவாரம் கேட்டீங்க?”

“நீ என்ன சொல்லப்போறியோன்னுதான். ஸ்பீக்கர்ல போட்டுருவோம். ரூம்ல எட்டுப் பேரு. வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஒருத்தனும் வெளிய போகமாட்டான். அந்தப் பொண்ணுக்கு அம்மை போட்டப்ப லால்குடிக்காரர், எளநீ குடுக்கச் சொல்லுன்னார்.” அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து என்னைக் கேலிசெய்து சிரித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கு விளங்கியது. நான் புளுகியது எனக்கே மறந்துபோயிற்று. மாமாதான் ஏமாற்றுக்காரர் என்று தீர்மானித்து, நாலு நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவருடைய லீவில் நாலு நாள் என்றால் எவ்வளவு என்ற கணக்கு அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த நாலு நாளும் அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒயர்களைப் பற்றவைத்து, கழுத்தில் கறுப்பு டேப் சுற்றிக் கித்தாரைச் சரிசெய்தார். ஆரஞ்சுப் பொத்தான் மட்டும் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது. ஐந்தாம் நாள் ஆசை தாங்காமல் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாம் பாகத்தைப் போட்டு ஆடினோம்.

“இப்ப சொல்லு பாப்பா. எப்படி இருக்கு?”

“மொதல் பாகம்தான் மாமா நல்லாருந்துச்சு.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது,” என்றார்.

அந்த லீவிலும் பெண் அமையவில்லை. மாமா திரும்பிப் போன பிறகும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் போன் வந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு இப்போது மறைக்க ஒன்றும் இல்லை, அதனால் சொல்லவும் ஒன்றும் இல்லை. நல்லாருக்கியா, நல்லாருக்கேன். படிக்கிறியா, படிக்கிறேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். மாடி ஏறுகிற வேலை மிச்சம் என்று நிம்மதியாக இருந்தேன்.

இன்றைக்கு நானும் வெளியூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசினால், சாப்பிட்டியா, எப்ப வர்ற, வரும்போது இதை வாங்கிட்டு வா என்ற மூன்றும் முடிந்ததும் போன் கையில் சும்மா இருக்கும். அப்போதெல்லாம் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று ஞாபகம் வருகிறது.

அன்றைக்கும் இரண்டு நிமிஷம் பேசி முடித்தேன். “பாப்பா, வச்சிராத,” என்றார் மாமா. “மூணாவது பாகம் வருதாம். எப்படி இருக்குன்னு கொஞ்சம் சொல்லேன்.”

“என்கிட்ட அந்த டிஸ்க் இல்லையே மாமா.”

“இல்லாட்டி என்ன?”

“விளையாடாம எப்படி மாமா சொல்றது?”

அந்தப் பக்கம் யாரோ டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“பக்கத்து வீட்டுப் பொண்ணு நல்லாருக்கா?” என்றார்.

“அப்படி ஒரு பொண்ணே இல்லன்னுதான் உங்களுக்குத் தெரியுமே மாமா,” என்று சொல்லி, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் மாமாவிடம் பொய்யே சொல்வதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருந்தேன். அதைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு தெருவுக்கு விளையாடப் போனேன்.