பை வைக்க ஒரு வீடு

திருப்பதியில் சொந்த வீடு வைத்திருப்பவனுக்கு உறவினர்கள் குறைவதே இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் சொந்தபந்தத்தைக் கல்யாண மண்டபங்களில் போய்த் தேடிப் பிடிக்க வேண்டும். திருப்பதிக்காரன் வாசல் கதவைத் திறந்து வைத்தால் போதும். பெரியம்மாவுடைய ஓரகத்தியின் தம்பி மகன் வரைக்கும் வந்து நிற்பான். கையில் பை இருக்கும். பையை வைப்பான், குளிப்பான், மலைக்குப் போவான், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு திரும்புவான், பையை எடுப்பான், மேஜைமேல் ஒரு லட்டை வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவான். இந்த ஒழுங்கை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டம் எதையும் நம் மக்கள் இவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்ததும் இல்லை.

திருப்பதி கொர்லகுண்டா பகுதியில் இரண்டு அறை வீட்டுக்குச் சொந்தக்காரரான துலுக்காணம் இந்த ஏற்பாட்டுக்கு வாழ்நாளெல்லாம் தொண்டாற்றியவர். பிறந்தது நகரி. அவருடைய நைனா விசைத்தறி ஓட்டினார். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. மனுஷர் பேச்சு காதில் விழுகிற வேலையாகப் பார்த்துப் போக வேண்டும் என்று சின்ன வயதிலேயே தீர்மானித்த துலுக்காணம், பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, பிறகு பஸ் நிலையத்தில் கன்ட்ரோலர் ஆனார். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று விசில் ஊதி அனுப்பி வைக்கிற பதவி. ஆசைப்பட்டபடியே பேச்சு காதில் விழுந்தது. "ஈ பஸ்ஸு எப்புடு?", இந்த பஸ் எப்போது, என்ற ஒரே பேச்சு, ஓய்வு பெறுகிற வரைக்கும்.

வீட்டுக்கு வந்தால் ரத்னம்மா இருந்தாள். அவர் மனைவி. பை வைக்க வந்தவர்களைப் பிடித்து உட்கார வைக்கிற வித்தை அவளுக்குத் தெரிந்திருந்தது. பெரிய வித்தையெல்லாம் ஒன்றுமில்லை, கேள்வி கேட்பாள். "உன் பெரிய நாத்தனாருக்கு அந்த வேலூர் சம்பந்தம் என்ன ஆச்சி?" என்று ஆரம்பித்தால், மாலை ரயிலை விட்டுவிட்டு ராத்திரி ரயிலுக்குப் போனவர்கள் உண்டு. அதையும் விட்டுவிட்டுப் பாயை விரித்தவர்களும் உண்டு.

அவள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு வந்த உறவினர்களில் தீட்டு இல்லாத தூரத்துச் சொந்தங்கள், வந்ததே வந்தோம் என்று பைகளை மூலையில் வைத்துவிட்டு மலைக்குப் போய் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அழுத நேரத்தில் நன்றாகத்தான் அழுதார்கள்.

அதற்குப் பிறகும் வரத்து குறையவில்லை. ஹீட்டர் போட்டிருக்கா, சார்ஜர் எங்க குத்தறது, சாவி எங்க வைக்கட்டும் என்ற மூன்று கேள்விகளில் சம்பாஷணை முடிந்துவிடும். துலுக்காணத்துக்குக் கேள்வி கேட்க வராது. வாழ்நாள் முழுக்கப் பதில் சொன்னவர்.

இப்படி இருக்கையில் அவருடைய ஃபோனில் ஒரு தெலுங்குப் பெண்மணி தோன்றினாள். வீட்டிலிருக்கும் பழைய சாமான்களைக் கொண்டு வீட்டை அழகுபடுத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுப்பவள். எதைச் செய்தாலும் 'சால சிம்பிள்', ரொம்பச் சுலபம், என்பாள். அன்றைக்கு அவள் சொன்ன தலைப்பு, வந்த விருந்தாளிக்குக் கிளம்பிப் போக மனசே வராத வீடு. லட்சக்கணக்கானவர்கள் இதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார்கள். துலுக்காணம் ஒருவர்தான் இதை ஓர் உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையே நகரிக்குப் பஸ் ஏறினார்.

திரும்பி வரும்போது தோளில் ஒரு மூட்டை. ஒன்றுவிட்ட தம்பியின் தறியில் மிஞ்சிய கழிவு நூல். அதை முறுக்கி, முடிச்சுப் போட்டு, விரல் நுனியெல்லாம் கொப்புளமாக, சுவரில் மாட்டுகிற தொங்கல் ஒன்று செய்தார். சிவப்பும் மஞ்சளுமாக ஜோராகத்தான் இருந்தது. முதலில் வந்த விருந்தாளி அதன்மேல் ஈர வேட்டியை உலர்த்திவிட்டு மலைக்குப் போனார்.

அடுத்தது விளக்கு. காலி பாட்டிலில் கயிறு சுற்றி, உள்ளே சீரியல் பல்பு போட்டு, ஹாலில் பிளக்கில் சொருகி வைத்தார். ஹாலில் இருப்பது ஒரே பிளக். வந்தவர்கள் விளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபோனைச் சொருகினார்கள். தக்காளிப் பெட்டிகளை அடுக்கி, பெயின்ட் அடித்து, மணிபிளான்ட் வைக்க ஒரு அலமாரி செய்தார். செருப்பு வைக்க இடம் பண்ணிவிட்டாரே என்று எல்லோரும் பாராட்டினார்கள். பழைய இரும்புக் கடையில் கழித்துக் கட்டின பஸ்ஸின் மூன்று பேர் சீட் ஒன்று கிடைத்தது. அதைத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, மெத்தை தைத்துப் போட்டு சோபா ஆக்கினார். வருகிறவர்கள் ஷூ லேஸ் கட்ட அதன்மேல் காலைத் தூக்கி வைத்தார்கள். மெத்தையில் ஒரு மொட்டைத் தலையின் சந்தனம் வட்டமாக ஒட்டியிருந்தது. யாரோ ஒருவர் ஒரு கணமாவது சாய்ந்திருக்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. துலுக்காணம் அதைத் துவைக்கவில்லை.

யோசித்துப் பார்த்ததில் குற்றம் ஹாலின்மேல் என்று கண்டுபிடித்தார். ஹால் என்பது நடந்து போகிற இடம். நடக்கிறவன் நடந்துகொண்டே இருப்பான். ஆளைப் படுக்க வைக்க வேண்டும். ஆகவே படுக்கையறை. அந்தப் பெண்மணி கெட்டியான திரையைப் பற்றியும் சொல்லியிருந்தாள். பழைய புடவை இருந்தால் சால சிம்பிள். புடவைகள் பீரோவில் இருந்தன, அந்துருண்டை வாசனையோடு. பீரோவைத் திறப்பதும் மூடுவதுமாக அவருக்கு ஒரு மாதம் ஓடியது. வீடியோவில் அந்தக் கட்டம் கிடையாது. கடைசியில் ரத்னம்மாவின் அரக்குப் புடவை இரண்டை எடுத்து, நடுவில் போர்வை வைத்துத் தைத்து, ஜன்னலில் மாட்டினார். பட்டப்பகலில் அறைக்குள் கையை நீட்டினால் கை தெரியவில்லை. இதுதான் சரி என்று அவருக்குப் பட்டது.

அந்த மே மாதத்தில் அரக்கோணத்திலிருந்து ரத்னம்மாவின் தம்பி ஜெயச்சந்திரன் வந்தான், மனைவி பிரமிளாவோடும் மகள் கௌசிகாவோடும். கௌசிகாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அதற்கான வேண்டுதல். வேலைக்குச் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு நாள் லீவு, மறுநாள் காலை ஷிஃப்டுக்குத் திரும்பியாக வேண்டும். எப்போதோ ஆன்லைனில் அடித்துப் பிடித்து வாங்கின தரிசன டிக்கெட், மாலை மூன்று மணிக்கு.

காலையிலேயே வந்துவிட்டதால் குளித்துச் சாப்பிட்டார்கள். துலுக்காணம் கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மலைக்கு இப்போதே போய் என்ன செய்வது, கொஞ்சம் கண்ணசரலாம் என்றான் ஜெயச்சந்திரன். பிரமிளா படுக்கையறைக்குள் போனவள் திரையைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணி பொடவையாண்ணா இது?"

"ஆமாம்மா."

"நல்லா கெட்டியா இருக்குது. வெளிச்சமே வரல."

இத்தனை நாள் உழைப்பில், எதற்காகச் செய்தாரோ அதற்காகவே கிடைத்த முதல் பாராட்டு. துலுக்காணம் ஏதோ வேலை இருப்பவர்போலச் சமையலறைக்குப் போய் நின்றுவிட்டு வந்தார்.

ஜெயச்சந்திரன் ஃபோனில் ஒன்றரைக்கு அலாரம் வைத்து, ஹாலில் பாட்டில் விளக்கைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜில் போட்டான். "சேவல் கூவும் மாமா. கூவனதும் எழுப்பி உட்ருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். கௌசிகா ஹாலிலேயே பஸ் சீட்டில் சாய்ந்தவள், அந்தச் சந்தன மெத்தையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

பகல் ஒன்றரை மணிக்குச் சேவல் கூவியது. துலுக்காணம் எழுந்து போய் அதை அமுக்கினார். எழுப்புவதற்காகத்தான் படுக்கையறைக் கதவு வரைக்கும் போனார். உள்ளே இருட்டில் இரண்டு பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஜெயச்சந்திரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ரத்னம்மாவுக்கும் அதே குறட்டைதான், கடைசியில் ஒரு விசிலோடு. உத்தியோக காலத்தில் கலெக்டரின் மாமியார் கையாட்டி ஓடி வந்தபோதும் ஒரு பஸ்ஸை நிறுத்தி வைக்காத மனுஷர் அவர். அன்றைக்குக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சமையலறைக்குப் போய், ராத்திரி உப்புமாவுக்கு நாலு பேருக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார்.

அவர்கள் விழித்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. அறை இருட்டாக இருந்ததில் ஜெயச்சந்திரன் முதலில் ராத்திரியென்றே நினைத்து அலறி எழுந்தான். ஹாலுக்கு வந்து ஃபோனைப் பார்த்தான். துலுக்காணம் தானும் கண்ணசந்துவிட்டதாகச் சொன்னார். அலாரம் அடித்து ஓய்ந்திருக்கும் என்றார். ஓய்ந்தால் திரும்பத் திரும்ப அடிக்குமே, இது யாரோ நிறுத்தின மாதிரியல்லவா இருக்கிறது என்றான் ஜெயச்சந்திரன். கையில் வெங்காய வாசனையோடு துலுக்காணம் தரையைப் பார்த்தார். கௌசிகா அவரைப் பார்த்தாள்.

இனி மலையேறி எந்தப் பயனும் இல்லை. வேண்டுதலை முடிக்காமல் திரும்பக் கூடாது, கௌசிகாவின் ஷிஃப்ட் போனாலும் விடியற்காலையில் போய் இலவச வரிசையில் நிற்பது என்று முடிவாயிற்று. அதாவது, விருந்தாளிகள் தங்குவது என்று முடிவாயிற்று. அந்தப் பெண்மணியின் உத்தரவாதம் எழுத்துக்கு எழுத்து பலித்தது.

மூன்று பேரும் பஸ் சீட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவழியில் பிரேக் டவுன் ஆன வண்டியில் உட்கார்ந்திருப்பதுபோல. வேறு வேலை இல்லாததால் நூல் தொங்கலைப் பார்த்தார்கள், தக்காளிப் பெட்டி அலமாரியைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரம் யாரும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவுமில்லை. பிறகு கௌசிகா எழுந்து போய் வாசலில் நின்று யாரோ ஒரு மேலதிகாரியிடம் ஃபோனில் பேசுவது மட்டும் உள்ளே கேட்டது. "இல்ல சார். தெரியும் சார். இனிமே ஆவாது சார்." இந்தப் பக்கத்திலிருந்து கேட்டவருக்கு அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று புரிந்தது. உப்புமாவை எல்லோரும் சாப்பிட்டார்கள். நன்றாயிருக்கிறது என்று பிரமிளா சொன்னாள், தட்டைப் பார்த்துக்கொண்டு.

விடிவதற்கு முன் கிளம்பினார்கள். துலுக்காணம் பைகளைப் படுக்கையறையில் ஓரமாக வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஜெயச்சந்திரன் மரியாதை குறையாமல்தான் பதில் சொன்னான்: மேலேயே லாக்கர் இருக்கிறதாம், தரிசனம் முடித்து அப்படியே ரேணிகுண்டாவுக்குப் போய் ரயில் பிடித்துவிடுவார்களாம், மாமாவுக்கு எதற்குத் தொந்தரவு. எல்லாப் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு அவனும் பிரமிளாவும் தெருவில் இறங்கினார்கள்.

கௌசிகா செருப்பு போட்டுக்கொண்டே பின்தங்கினாள்.

"நீங்கதான் அமுக்கனீங்க மாமா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அவங்கள எழுப்பப் போறீங்கன்னு நெனச்சி திரும்பத் தூங்கிட்டேன்."

துலுக்காணம் தக்காளிப் பெட்டி அலமாரியிலிருந்து அவளுடைய இன்னொரு செருப்பை எடுத்துக் கீழே வைத்தார்.

"எதுக்கு மாமா?"

"நல்லாத் தூங்கிக்கினு இருந்தீங்க."

"ஒரு நாள் தங்கிட்டு போங்கன்னு வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா தங்கியிருப்பியா?"

அவள் பொய் சொல்லத் தெரியாத வயதுப் பெண். செருப்பு வாரை இழுத்து மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியல. ஆனா முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். என் வேலைக்கு உலை வந்திருக்காது."

ஜெயச்சந்திரன் தெரு முனையிலிருந்து கூப்பிட்டான். அவள் போனாள். மலைக்குப் போனவர்கள் திரும்பவும் அந்த வீட்டுக்கு ஏன் வருகிறார்கள் என்று துலுக்காணம் அதுவரை யோசித்ததில்லை. பை இருந்ததால் வந்தார்கள். அன்று மாலை யாரும் வரவில்லை.

மூன்று நாலு வாரம் யாரிடமிருந்தும் தகவல் இல்லை. அரக்கோணத்தில் தொடங்கிய செய்தி சொந்தக்காரர்கள் எல்லோரையும் சுற்றிவிட்டது என்று தெரிந்தது. துலுக்காணம் வீட்டில் படுத்தால் எழுந்திருக்க முடியாதாம். ஏதோ மருந்து வைத்திருக்கிறார் என்பது வரைக்கும் போயிற்று. அவர் தினமும் பாட்டில் விளக்கைப் பிளக்கில் சொருகி வைத்தார். பிடுங்க ஆள் இல்லாததால் அது பாட்டுக்கு எரிந்தது.

பிறகு ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. குப்பம் என்ற ஊரில் கிரானைட் அறுக்கும் இடத்தில் வேலை பார்த்து, அங்கேயே குடும்பத்தோடு குடியிருக்கும் சித்தப்பா மகன் சுரேஷ்பாபு. அவன் எந்தச் செய்தியும் கடைசியாகப் போய்ச் சேருகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறானாம், பையை மட்டும் வைத்துவிட்டுப் போவார்களாம். பின்னால் கல் அறுக்கும் மிஷின் இரைந்தது.

"ஹீட்டர் வேல செய்யுதாண்ணா?"

"செய்யுது," என்றார் துலுக்காணம். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதிலோடு நிறுத்தாமல் மேலே பேசினார். "ராத்திரி தங்கறதா இருந்தா போட்டு வைக்கறேன். ஒரு நாள் இருந்துட்டு போங்கடா, சுரேஷு."

சுரேஷ்பாபு சிரித்தான். இந்தப் பக்கம் சிரிப்பு வராததால் நிறுத்திக்கொண்டான். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். இப்பவே கேள், நான் லைன்லயே இருக்கறேன் என்றார் துலுக்காணம். மிஷின் சத்தம் தேய்ந்து, ஒரு கதவு திறந்து, அவன் மனைவியைக் கூப்பிட்டு, அண்ணன் தங்கச் சொல்றாரு என்று சொல்வது கேட்டது.

"எதுக்காம்?" என்று அந்த அம்மாள் கேட்டது தெளிவாகவே விழுந்தது.

சுரேஷ்பாபு என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவன் ஃபோனைக் கையால் பொத்தியிருக்க வேண்டும். துலுக்காணம் ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார்.