தலைவர் எழும்ப முடியாத வியாழக்கிழமை

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தலைவர் கதிரையை விட்டு எழும்பினால் கூட்டம் முடிந்தது. யாரும் எழுதிவைத்த விதி அல்ல. அவருக்குப் பிடிக்காத கேள்வி வரும், எழும்புவார், "சரி, காணும்" என்பார், அவ்வளவுதான். நாங்கள் கலைந்து போவோம். கதிரைகளை அடுக்குவது செயலாளரின் பொறுப்பு. செயலாளர் நான். ஊரில் உயர்தர வகுப்பில் சரித்திரம் படித்தவன் என்பதற்காகக் கிடைத்த பதவி.

இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியாச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு கீழ்த்தள மண்டபம் எங்களுடையது. பக்கத்துத் தேவாலயத்தார் வாடகையில்லாமல் தந்தது. தந்தார்கள் என்பதைவிடத் தலைவர் அலைந்து வாங்கினார் என்பதே நியாயம். அவர் நல்ல மனிதர். போர் முடிந்து வந்தவர்களில் பாதிப்பேருக்கு வதிவிட அனுமதி கிடைத்ததே, அவர் குவெஸ்தூரா என்கிற காவல் தலைமையக வரிசையில் கூடவே நின்று வாதாடியதால்தான். மண்டபச் சுவரைப் பூசி வெள்ளை அடித்ததும் அவர் கைதான். அதனால் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. பொங்கலுக்கும் நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கும் கூட்டங்களுக்கும் கதவு திறக்கும். மற்ற நாட்களில் அந்த வெள்ளைச் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கூட்டம் எப்போதும் வியாழக்கிழமை பின்னேரம். வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு இந்த நாட்டில் அன்றுதான் அரைநாள் ஓய்வு. அப்படியொரு வியாழனில்தான் என் மனைவியின் சிநேகிதி, வன்னியிலிருந்து வந்த ஓர் இளம் தாய், எழுந்து மண்டபத்தைக் கேட்டாள். அவளுக்கு ஒரு வயது கடந்த மகள் இருந்தாள். வேலை செய்யும் வீட்டு எஜமானி, அந்தச் சிஞ்ஞோரா, பிள்ளையை உள்ளே விடமாட்டார். கணவனுக்கு போர்கோ வெக்கியோப் பகுதியில் உணவகச் சமையலறையில் வேலை. பிள்ளையை இதுவரை பார்த்துக்கொண்ட உறவுக்காரி பிரான்சுக்குப் போகிறாள். பின்னேரங்களில் கதவைத் திறந்துவிட்டால், காலையில் மட்டும் வேலைக்குப் போகிற பெண்கள் மாறிமாறி எல்லாருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால், பொங்கல் முடிந்து ஊருக்குப் போகிற ஒருவரோடு மகளைக் கிளிநொச்சியிலுள்ள அக்காவிடம் அனுப்பவேண்டியதுதான். இரண்டு வயதுக்குள் என்றால் விமானத்தில் தனி இருக்கை தேவையில்லை, மடியில் வைத்தே கொண்டுபோகலாம் என்று விசாரித்தும் வைத்திருந்தாள்.

தலைவர் சுவர்களைப் பார்த்தார். பிள்ளைகள் கீறும் என்றார். பிறகு எழும்பினார்.

அந்த நாட்களில் நான் ஆங்கில அரசர்களைப் பற்றிய தடித்த இத்தாலியப் புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் படிகள் துடைக்கிற கட்டடத்தில், வீடு மாறிப்போன யாரோ குப்பைத்தொட்டிக்கு அருகே விட்டுப்போனது. படி துடைக்கிறவனுக்கு எதற்கு இங்கிலாந்தின் பாராளுமன்றம் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி தினமும் கேட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வெங்காயம் உரிக்க, நான் வழக்கம்போல உதவி செய்தேன். அதாவது வாசித்ததைச் சொன்னேன். தன் அதிகாரம் கடவுள் நேரே தந்தது என்று நம்பிய ஓர் அரசர். சண்டைக்குக் காசு தேவைப்படும்போது மட்டும் பாராளுமன்றத்தைக் கூட்டுவார். அவர்கள் "முதலில் எங்கள் குறையைக் கேள்" என்றால் கலைத்துவிடுவார். ஒருமுறை, சபையை ஒத்திவைக்கச் சொல்லி அரசரின் கட்டளை வந்தது. சபாநாயகர் எழும்பினார். எழும்பினால் சபை முடிந்தது. உறுப்பினர்கள் இரண்டுபேர் பாய்ந்து அவரைக் கதிரையோடு அமத்திப் பிடித்தார்கள். கதவைப் பூட்டினார்கள். அவர் அழுதார். அரசரின் ஆள் வெளியே கதவைத் தட்டிக்கொண்டு நிற்க, உள்ளே தீர்மானங்களை வாசித்து நிறைவேற்றிவிட்டார்கள்.

மனைவி கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். என் சரித்திரப் பாடத்துக்கு அவள் நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை.

"எழும்ப விடாமல் பிடிச்சதுதான் விசயம், என்னப்பா?"

"ஓம். ஆனால் அவங்கள் நல்ல பலசாலியள்."

"எங்களுக்குப் பலசாலி தேவையில்லை" என்றாள்.

பொங்கலுக்குக் காசு சேர்க்கவேண்டியிருந்ததால் அடுத்த வியாழனே தலைவர் கூட்டம் கூட்டினார். அரசர்கள் எல்லா நூற்றாண்டிலும் ஒரேமாதிரித்தான். பெண்கள் தேநீர் ஊற்றினார்கள். வன்னிக்காரி தோளில் தூங்கிக்கொண்டிருந்த மகளோடு தலைவரின் கதிரையடிக்கு வந்தாள்.

"அண்ணை, ஒருக்கா வைச்சிருங்கோ. தேத்தண்ணி குடுத்திட்டு வாறன்."

பதிலுக்குக் காத்திராமல் மடியில் கிடத்திவிட்டுப் போனாள். அவ்வளவு தேநீரை அந்த மண்டபம் அதற்கு முன் கண்டதில்லை. அவள் திரும்பி வரவேயில்லை. பிள்ளை தலைவரின் சட்டையை ஒரு கையால் பிடித்தபடி வாய் பிளந்து தூங்கியது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பார்வையைச் சுவருக்குக் கொண்டுபோனேன். அவள் தொடர்ந்து பார்த்தாள். வரலாற்றில் இப்படித்தான் வீரர்கள் உருவாகிறார்கள் என்று நினைக்கிறேன். பின்னேரங்களில் மண்டபத்தைத் திறக்கவேண்டும் என்று எழுதிவைத்திருந்த தீர்மானத்தை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அமத்திப் பிடித்தவர்களின் குரல் எப்படி முழங்கியிருக்கும் என்று பலநாள் யோசித்து வைத்திருந்தவன் ஆதலால், முதல் வரியை முழங்கினேன்.

"ஐசே, மெதுவா வாசியும்" என்றார் தலைவர். "பிள்ளை எழும்பிடும்."

மிச்சத்தைக் கிசுகிசுத்தேன். பின்வரிசைக்கு எதுவும் கேட்டிருக்காது. என்றாலும் எல்லாருக்கும் விசயம் தெரிந்திருந்தது. கைகள் உயர்ந்தன. ஒருவரும் கைதட்டவில்லை. தலைவர் ஒருமுறை எழும்பத்தான் பார்த்தார். சட்டையிலிருந்த சின்னக் கை இறுகியது. அவர் மீண்டும் சாய்ந்துகொண்டார். பிறகு நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பை வெளியிலை கழட்டவேணும்" என்றார் கடைசியில், தாழ்ந்த குரலில். "சுவரிலை கைவைக்கப்படாது."

வன்னிக்காரி தேநீர்த் தட்டோடு மூலையில் நின்று கண்ணைத் துடைத்தாள். பிள்ளை தானாக விழிக்கும்வரை கூட்டம் முடியவில்லை. பொங்கல் காசு முழுவதும் சேர்ந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கம் நினைவு வந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசர் பதினொரு வருடம் பாராளுமன்றத்தைக் கூட்டவேயில்லை. எங்கள் தலைவரும் கோபித்துக் கூட்டத்தையே நிறுத்திவிட்டால்? மனைவியிடம் சொன்னேன்.

"நிப்பாட்டட்டுமன். கதவு திறந்துதானே இருக்கப்போகுது."

அந்த அரசரின் தலையைப் பிற்காலத்தில் வெட்டிவிட்டார்கள் என்பதை நான் தலைவரிடம் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே கழுத்து நோவுக்காரர்.

பொங்கல் முடிந்து ஊருக்குப் போனவர் வெறும் மடியோடுதான் போனார். மண்டபத்தில் பாய்கள் விரிந்தன. தமிழிலும் சிசிலிக்காரரின் இத்தாலியனிலும் மாறிமாறிச் சண்டை கேட்டது. தலைவர் சுவர்களைப் பார்வையிட என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி வந்துபோனார். ஒருநாள் நான் போனபோது, அவர் தூய வெள்ளைச் சுவரின் முன் இடுப்பில் கைவைத்து நின்றார். பிள்ளையின் உயரத்தில் நீல மெழுகுக் கோடு ஒன்று, வளைந்து வளைந்து கதவுவரை போயிருந்தது. வன்னிக்காரியின் மகள் கையில் நீலக் குச்சியோடு அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். நான் தீர்மானத்தின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் பார்த்தால், அவர் தன் கதிரையை நகர்த்தி அந்தக் கோட்டின் முன்னால் போட்டிருந்தார். கோடு கதிரையைவிட மிக நீளமாயிருந்ததால், இரண்டு பக்கமும் நன்றாகவே தெரிந்தது.