அடுப்பு ஆறும் நேரம்

பேக்கரி அடுப்பு பழுதானால், ஆள் வந்ததும் பையைத் திறந்து வேலையைத் தொடங்கிவிடுவார் என்று நினைப்பவர்கள் அந்த அடுப்பைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். நாலு பேர் உள்ளே உட்கார்ந்து சீட்டாடலாம், அவ்வளவு பெரிய செங்கல் அடுப்பு. முதலில் அது எரியும்போதே எங்கே புகை கசிகிறது, எங்கே தணல் கல்லைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் அணைக்கச் சொல்ல வேண்டும். அணைத்தாலும் உடனே ஆறிவிடுமா? பகல் பாதி போய்விடும். அவசரப்பட்டுத் தலையை நீட்டினால் புருவம் மிஞ்சாது. ஆகவே காத்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு வேலை. நம் அடுப்பக்கா கண்டுபிடித்த ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: அந்தக் காத்திருப்பை அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

அடுப்பக்கா என்பது பேக்கரிக்காரர்கள் வைத்த பேர். அடுப்பு பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். பெரிய பெரிய கொத்தனார்கள் எல்லாம் தொந்தியோடு அடுப்பின் வாயில் மாட்டிக்கொண்டு முழித்தபோது, ஒல்லிக்குச்சியான இவள் துடைப்பத்தை வைத்துவிட்டு உள்ளே நுழைந்து கல்லை மாற்றிவிட்டு வந்தாள். "காத்தடிச்சா பறந்துடுவே" என்று கேலி செய்யப்பட்ட உடம்புதான் கடைசியில் சோறு போட்டது. இப்போது நாற்பத்தைந்து வயது ஆகிறது. வாரத்துக்கு ஓர் ஊர். காலையில் பஸ், இரவுக்குள் வீடு.

முதல் தடவை தற்செயல்தான். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவள், தோளில் துண்டோடு ஒரு கூட்டம் போவதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பின்னாலேயே நடந்தாள். போய்ச் சேர்ந்த இடம் ஓர் அருவி. தலைமுடி சொட்டச் சொட்டத் திரும்பியவளைப் பேக்கரிக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். வேர்வை என்று சொல்லிவிட்டு அடுப்புக்குள் நுழைந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியுமா? ஓர் ஊரில் அருங்காட்சியகத்துக்குப் போனாள். கூரையிலிருந்து ஒரு திமிங்கில எலும்புக்கூடு தொங்கியது. அதன் விலா எலும்புகளுக்குக் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, வளைவு நன்றாக எடுத்திருக்கிறார்கள், பூச்சுதான் போய்விட்டது என்று காவலாளியிடம் கருத்துச் சொன்னாள். இன்னோர் ஊரில் ஏரி. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற படகு. தனியாக ஏற விடமாட்டேன், சுற்றிக்கொண்டே இருக்கும் என்றான் படகுக்காரன். கூட ஆள் இருக்கிறது என்று சொல்லிக் கொத்துக்கரண்டி, சுத்தியல், மட்டப்பலகை எல்லாம் இருந்த பையைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தாள். ஏரியின் நடுவில் பம்பரம் மாதிரி சுற்றோ சுற்றென்று சுற்றினாள். கரையில் இருந்தவர்கள் காசு கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். இறங்கும்போது தலை கிறுகிறுத்தது, இன்னொரு தடவை போகலாமா என்றும் இருந்தது. போனாள்.

இவ்வளவையும் பற்றி வீட்டில் மூச்சு விட்டதில்லை. அங்கேதான் வம்பு. வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறைதான் கடை. பஸ்ஸைத் தூரத்தில் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அடுத்த தெரு வரைக்கும் போய் வருவதே அவருக்கு ஒரு யாத்திரை. அப்படிப்பட்ட மனிதரிடம் போய் அருவியில் குளித்தேன், படகில் சுற்றினேன் என்று சொன்னால் வாய் வேகாதா? சம்பளமும் வாங்கிக்கொண்டு சந்தோஷமும் பட்டால் கண்ணு வேறு பட்டுவிடும். அதனால் படியேறும்போதே அடுப்பக்கா ஒரு பெருமூச்சு விடுவாள். எலும்பெல்லாம் கழன்று போச்சு என்பாள். அவர் பதறிப் போய் வெந்நீர் வைப்பார், தைலம் தேய்த்துவிடுவார், தேநீர் ஆற்றித் தருவார். வருடம் ஏற ஏறப் பெருமூச்சும் மெருகேறியது. மேடையில் விட்டிருந்தால் கைதட்டே வாங்கியிருப்பாள்.

நடிப்பு அளவுக்கு மீறிப் போனால் என்ன ஆகும்? ஒருநாள் தையல்காரர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பட்டறை முதலாளியைப் பார்க்கப் போனார். அவள் உடம்பு இனி தாங்காது, அலைச்சலைக் குறையுங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். முதலாளி இளகின மனசுக்காரர். அடுத்த மாதத்திலிருந்து பட்டறையிலேயே உட்கார்ந்து மேற்பார்வை, வெளியூருக்கு ஒரு புது ஆள் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். தையல்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து விஷயத்தைச் சொன்னார். அதோடு விட்டாரா? அவள் உட்காரப் போகும் நாற்காலிக்கு நீல வெல்வெட்டில் ஒரு மெத்தையும் தைத்து வைத்திருந்தார். அதைத் தடவிப் பார்த்தபடி, நல்லதுங்க என்றாள் அடுப்பக்கா. அன்றைக்கு அவள் விட்ட பெருமூச்சு மட்டும் நடிப்பில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வெளியூர் வேலை. மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு நகரம். அந்த நகரத்தின் நடுவிலிருந்து மலை உச்சிக்கு ஒரு ரோப் கார் போகிறது. வீட்டுக் கூரைகளுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டே போகலாம் என்று பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. இருட்டுவதற்குள் நிறுத்திவிடுவார்களாம். போகட்டும், அடுப்பு ஆறும் நேரம் போதாதா என்ன? கடைசி ஊர் என்றால் அது இதுவாகவே இருக்கட்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பேக்கரி வாசலில் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் பெண் வீட்டார் மாதிரி சிரித்தபடி நின்றிருந்தார்கள். அவளைவிடப் பத்து வயது சின்னவர்கள். வந்தவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்புக்கு வெந்நீர்ப் பை ஒன்றையும் கொடுத்தாள் அந்தப் பெண். முதலாளி போனில் எல்லாம் சொல்லிவிட்டாராம்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையாமே அக்கா. நீங்க காத்திருந்து கஷ்டப்படக் கூடாதுன்னு, புகை கசியுற இடத்தையெல்லாம் குறிச்சு வெச்சுட்டு முந்தாநாளே அணைச்சிட்டோம். வந்ததும் வேலையை ஆரம்பிச்சிடலாம்."

அடுப்பக்கா எழுந்து போய் அடுப்புக்குள் கையை விட்டாள். பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. இரண்டு நாள் வியாபாரத்தை விட்டுக்கொடுத்து இவளுக்காக அணைத்திருக்கிறார்கள், திட்டவும் வாயில்லை. மனசுக்குள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, முக்காட்டை இறுக்கிக் கட்டி உள்ளே தவழ்ந்தாள்.

இதில் இன்னொரு கொடுமை. ரோப் கார் கம்பி அந்தப் பேக்கரிக் கொல்லைக்கு நேர் மேலேதான் போகிறது. ஒவ்வொரு பெட்டியும் கடக்கும்போது உள்ளே இருப்பவர்கள் போடும் கூச்சல் புகைபோக்கி வழியாக இறங்கி நேராக இவள் காதில் விழுந்தது. இருட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, யாரோ ஒரு குடும்பம் 'ஐயோ அம்மா' என்று ஆனந்தமாக அலறுவதைக் கேட்பது என்ன பாவத்துக்குத் தண்டனையோ. வெடித்த கல்லைப் பெயர்த்தாள், புதுக் கல்லைப் பதித்தாள், சாந்தைக் குழைத்து அறைந்தாள். கோபத்தில் செய்தாலும் வேலை சுத்தமாகத்தான் வந்தது. மதியச் சாப்பாட்டையும் மறுத்துவிட்டாள். ஆனாலும் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இனி சாமானைக் கழுவி எடுத்து வைத்தால் பஸ்ஸுக்குத்தான் நேரம் சரியாக இருக்கும்.

பேக்கரிக்காரர் விறகும் தீப்பெட்டியுமாகத் தயாராக நின்றார். பாவம், இரண்டு நாளாக அடுப்பு எரியாமல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு. பழக்க தோஷத்தில் அடுப்பக்கா அடுப்பின் வாய்க்குள் தலையை விட்டுப் புதுச் சாந்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது.

எப்போதும் அப்படிப் போகாது. ஆறிய அடுப்பிலும் கல்லுக்கு அடியில் கொஞ்சம் சூடு தங்கியிருக்கும். வேலை முடிவதற்குள் சாந்து தானாக இறுகிவிடும். இது முந்தாநாளே செத்துப்போன அடுப்பு. இப்போது தீ மூட்டினால் அத்தனையும் விரிசல் விட்டுப் போகும். இன்னும் இரண்டு மணி நேரமாவது சும்மா விட வேண்டும், கட்டாயம் என்று அவரிடம் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. துள்ளி எழுந்ததில் அடுப்பின் மேல்வளைவில் மண்டை நங்கென்று இடித்தது. வலித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த பஸ் எப்போது என்றுகூட யோசிக்கவில்லை. எனக்கு அந்தப் பெட்டியில் ஏற வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் கூப்பிட்டாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பிக்கு அடியிலேயே குடியிருந்தும் அவர்கள் அதில் ஏறியதே இல்லை. அடுப்பு அணைந்தால்தானே? அணைந்த இந்த இரண்டு நாளும்கூட என்ன செய்வதென்று தெரியாமல் குளிர்ந்த அடுப்புக்குக் காவல் இருந்திருக்கிறார்கள். எல்லாரும் பெட்டிக்குள்ளிருந்து பார்க்கிறார்கள், நான் அடியிலிருந்து பார்த்தவன், ஆணியெல்லாம் துரு என்று பேக்கரிக்காரர் இழுத்தார். அதற்குள் அவர் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றாள்.

மூன்று பேரும் ஓடினார்கள். அடுப்பக்காவின் தலையிலிருந்து கால் வரை கரி. ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று வரிசையே விலகி வழி விட்டது. கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியில் ஏறிக் கதவு சாத்தியதும், தரை நழுவி, வயிறு ஓர் இடத்திலும் உடம்பு ஓர் இடத்திலுமாக மேலே போனார்கள். பேக்கரிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மைதா, ஈஸ்ட், உப்பு, சர்க்கரை என்று மந்திரம் மாதிரி சொல்லத் தொடங்கினார். அவர் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. அவளைப் பார்த்து அடுப்பக்காவும் சிரித்தாள். கீழே அவர்களுடைய புகைபோக்கியே தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. தையல்காரர். முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறாராம். புது ஆளுக்கு நாளைக்கே உறுதி சொல்லிவிடலாமா என்று கேட்கிறாராம். பின்னாலேயே, ரொம்பக் கஷ்டமா இருக்கா என்று அவர் அக்கறையாக விசாரித்தார். பெருமூச்சு விட வேண்டிய இடம். அடுப்பக்கா முயற்சி செய்தாள். அத்தனை வருடம் பழகிய பெருமூச்சு அன்றைக்கு வர மறுத்தது. சிரிப்புத்தான் வந்தது.

"என்னங்க, எனக்கு அந்த நாற்காலி வேணாம்" என்றாள்.

"ஏன், மெத்தை உறுத்துதா?"

"மெத்தையில ஒரு குறையும் இல்லை. நான் இப்போ ரோப் கார்ல போயிட்டு இருக்கேன். வேலைக்கு இல்லை, சும்மா வேடிக்கை பாக்க. போற ஊர்ல எல்லாம் இப்படித்தான் சுத்துவேன். எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. களைப்பு, வலின்னு சொன்னதுல பாதிக்கு மேல பொய்."

அந்தப் பக்கம் தையல் இயந்திரம் நின்றது. இந்தப் பக்கம் பேக்கரிக்காரர்கூடக் கண்ணைத் திறந்துவிட்டார்.

"தைலம் தேச்சு விட்டேனே, அதுவுமா?"

"அது... சுகமா இருந்துச்சு."

பெட்டி ஒரு தூணைத் தாண்டிக் குலுங்கியது. உங்களால் பஸ் ஏற முடியாது, நான் மட்டும் பார்த்துவிட்டு வந்து சொன்னால் மனசு சங்கடப்படும் என்றுதான் மறைத்தேன் என்று அடுப்பக்கா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கையில் இருந்த கரியோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாக்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கலை" என்றார் தையல்காரர். "கேக்கவுமா கூடாது?"

இவ்வளவு வருடத்தில் இப்படி ஒன்று இருப்பதாக அடுப்பக்காவுக்குத் தோன்றவே இல்லையே. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். முதலாளியிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், முதலில் கெஞ்சினதும் நான்தானே என்று முணுமுணுத்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"சரி, சொல்லு. இப்போ என்ன தெரியுது?"

"ஒரே காடுங்க. கண்ணுக்கு எட்டின வரைக்கும் பச்சை."

"பச்சைன்னா எந்தப் பச்சை?"

அடுப்பக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கிளிப்பச்சை என்றாள். இல்லை அக்கா, பாசிப்பச்சை என்றாள் பேக்கரிக்காரரின் மனைவி. இரண்டும் இல்லை, அடியில் கருப்பாக அல்லவா இருக்கிறது என்றார் பேக்கரிக்காரர், பயத்தை மறந்து. போனை நடுவில் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் சண்டை போட்டார்கள். வெயில் படற பக்கம் எப்படி, நிழல் பக்கம் எப்படி என்று அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். உச்சி வந்து, கதவு திறந்து, இறங்குங்கள் என்று ஆள் வந்து நின்றும் பச்சை முடிவாகவில்லை.