வெள்ளைக் கண்ணும் கேட்டில் ஒரு முடியும்

1. பகலில் செய்த ராத்திரி

பேய்ப் படங்களுக்கு நான் பெரும்பாலும் பகலில்தான் வேலை பார்த்திருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எண்பதுகளில் பம்பாயில் எடுத்த சின்ன ஹிந்திப் படங்களுக்கு நைட் ஷிஃப்ட் கட்டுப்படியாகாது. செம்பூரில் ஆள் குடியில்லாத ஒரு பழைய பங்களாவைப் பிடிப்பார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, காலை பத்து மணிக்கு நடுராத்திரியை உண்டாக்குவோம். டீ குடிக்க வெளியே வந்தால் வெயிலில் கண் கூசும். எதிர்வீட்டு மொட்டை மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருக்கும்.

பிற்பாடு தனியாக நாலு பேய்ப் படமும், டெலிவிஷனுக்கு ஒரு பேய் சீரியலும் ஒளிப்பதிவு செய்தேன். நான் சொல்லவருவது அதற்கெல்லாம் முன்னால், ரூஸி சாப் என்ற பார்சி கேமராமேனிடம் ஃபர்ஸ்ட் அசிஸ்டென்டாக இருந்த காலத்தில் நடந்தது. அடுத்த படத்தில் கேமராவை ஆபரேட் செய்ய விடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தாராவியில் தோல் பதனிடும் குடும்பத்திலிருந்து வந்தவனுக்கு அது லேசில் கிடைக்கிற வாய்ப்பு இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

2. கேட் என்றால் என்ன

இன்றைய கேமராவில் கேட் கிடையாது, அதனால் விளக்க வேண்டியிருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் வந்து நின்று வெளிச்சம் வாங்குகிற சின்னச் சதுர ஓட்டைதான் கேட். ஃபிலிம் உரசி ஓடும்போது ஓரத்திலிருந்து மெல்லிய சுருள் உதிரும். அதை முடி என்போம். நகக்கண் அளவுகூட இருக்காது. கேட்டில் மாட்டிக்கொண்டால் திரையில் பாம்புபோல நெளியும்.

அதனால் டைரக்டர் ஒரு டேக்கை ஓகே சொன்னதும் ஃபர்ஸ்ட் அசிஸ்டென்ட் டார்ச் அடித்து கேட்டைப் பார்க்க வேண்டும். அவன் "கேட் கிளியர்" என்று சொல்லும்வரை யாரும் நகரக் கூடாது. நடிகர் விக்கைக் கழற்றக் கூடாது, லைட் பாய் லைட்டைத் தொடக் கூடாது. பத்து விநாடிக்கு மொத்த யூனிட்டும் அசிஸ்டென்டின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். முடி இருந்தால் இன்னொரு டேக். ரூஸி சாப் அந்த நேரத்தில் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். என் வார்த்தை அவருக்குப் போதும்.

3. செல்வியக்கா

அந்தப் படத்தில் கதாநாயகி செத்துப் பேயாக வருவாள். அந்த வேஷம் போட்ட நடிகை, உயிரோடு இருக்கும் பகுதியை மட்டும் நடித்துவிட்டுப் போய்விட்டார். பேயாக நடித்தது செல்வியக்கா. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்து வந்த குரூப் டான்ஸர். எங்கள் குடும்பத்தைப் போலவே அவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம்தான். செட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ்.

பேய்க்குக் கருவிழி கிடையாது என்று டைரக்டர் முடிவு செய்திருந்தார். அதற்காகக் கெட்டி பிளாஸ்டிக்கில், கண்ணுக்குள் மாட்டுகிற மாதிரி வெள்ளையாக இரண்டு லென்ஸ் செய்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டால் எதிரே ஒன்றும் தெரியாது, வெறும் பால்வெள்ளைதான். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று செய்துகொடுத்தவர் சொல்லியிருந்தார்.

கண் தெரியாதவரைக் கேமராவை நோக்கி நடக்கவைத்து ஃபோகஸ் மாற்றுவது என் பொறுப்பு. பதினொரு அடி வைத்தால் நிற்க வேண்டிய இடம். அங்கே ஒரு மரப்பட்டையை ஆணியடித்து வைத்தேன், கால்விரலில் தட்டினால் நின்றுவிடலாம். டேப்பை மூக்கருகில் கொண்டுபோய் அளக்கும்போது அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார்.

"தம்பி, நீரு பக்கத்துல நிக்கது மட்டும் தெரியுது. அது போதும், நான் நடந்துருவேன்" என்பார்.

4. ஆறாவது டேக்

பேயின் குளோசப் எடுத்த நாள். தரையெல்லாம் லோபான் புகை, நம் சாம்பிராணிதான். முதல் ஐந்து டேக்கும் ஏதோ ஒரு காரணத்தால் போயின. ஒன்றில் புகை அதிகம், ஒன்றில் நான் ஃபோகஸை விட்டேன். ஒவ்வொரு முறையும் டைரக்டர் "ஏக் அவுர்" என்றார். இன்னொன்று, இன்னொன்று. நடுவில் லென்ஸைக் கழற்றினால் திரும்பப் போட நேரமாகும் என்று போட்டபடியே நிற்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் தாண்டிவிட்டது. செல்வியக்காவின் கன்னத்து மேக்கப்பில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து மேக்கப்மேனே சலித்துவிட்டார்.

ஆறாவது டேக் அருமையாக வந்தது. "ஓகே" என்றார் டைரக்டர். நான் டார்ச் அடித்தேன்.

கேட்டின் அடியோரத்தில் ஒரு முடி.

நிமிர்ந்து பார்த்தேன். செல்வியக்கா மரப்பட்டையில் கால்விரலை வைத்தபடி, முகத்தை என் பக்கம் தூக்கி, இமையை மூடவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அடியில் இருப்பது திரையில் தலைகீழாக மேல் ஓரத்தில் வரும், தியேட்டரில் மேல் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், தப்பித்துவிடலாம். எனக்கு வேண்டிய கணக்கை நானே போட்டுக்கொண்டேன்.

"கேட் கிளியர்" என்றேன். பல்குத்தும் குச்சியால் முடியை எடுத்து விரலில் தேய்த்துவிட்டேன்.

லென்ஸைக் கழற்றியபோது இடது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கருவிழியில் கீறல், ஒரு மாதத்துக்கு லென்ஸ் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

5. ரஷ்

பத்து நாள் கழித்து, எடுத்ததை அப்படியே திரையில் பார்க்கிற ரஷ் பிரிண்ட் போட்டார்கள். திரை நிறைய செல்வியக்காவின் முகம், அவர் நெற்றிக்கு மேல் கையளவு நீளத்தில் அந்த முடி. எந்தத் தியேட்டர் திரை ஓரத்திலும் வெட்டுப்படாத இடத்தில் சாவகாசமாக நெளிந்துகொண்டிருந்தது.

"குளோசப்பைத் திரும்ப எடுக்கணும்" என்றார் டைரக்டர். "அந்தப் பொண்ணால லென்ஸ் போட முடியலைன்னா வேற ஆளைப் போட்டு, பேய் வர்ற ஷாட் எல்லாத்தையும் முதல்லேர்ந்து எடுப்போம்."

வெளியே வராந்தாவில் ரூஸி சாப் என்னை நிறுத்தினார். அவர் ஹிந்தியில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"காதர், நீ முடியைப் பார்த்தியா, பார்க்கலையா?"

"பார்த்தேன் சாப்."

"அப்புறம் எதுக்குக் கிளியர்னு சொன்னே?"

"அவங்க கண்ணு, சாப்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"என் காதுல வந்து சொல்லியிருக்கலாமே. லைட் போச்சு, கேமரா மக்கர்னு எதையாவது சொல்லி நானே அன்னிக்கு ஷூட்டிங்கை நிறுத்தியிருப்பேன். பொய் சொல்றதுன்னா நான் சொல்லிக்கிறேன். கேட்டுல என்ன இருக்குன்னு சொல்றது மட்டும்தான் உன் வேலை."

6. மறுபடியும் அதே பங்களா

செல்வியக்கா வந்துவிட்டார். டாக்டர் சொன்ன ஒரு மாதத்தில் பாதிகூட ஆகவில்லை. பேயாக நடித்த முழுப் படமும் கையைவிட்டுப் போய்விடுமே என்று வந்திருந்தார். லென்ஸ் டப்பா மேக்கப் மேஜைமேல் இருந்தது. நான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் டேப் பிடிக்க முடியவில்லை.

அவர் லென்ஸ் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு சொன்னார்:

"நீரு அன்னைக்கே சொல்லியிருந்தா, இன்னொரு தடவ நிக்கணுமா, முடியாதுன்னு சொல்லணுமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன்லா. என் கண்ணுக்கு நீரு எப்படித் தம்பி பதில் சொன்னீரு? இப்ப பாரும், ஆறிவார புண்ணுல லென்ஸக் கொண்டுபோயி வைக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அண்ணாந்து பார்த்தபோதுதான் அந்த டாப் லைட் கண்ணில் பட்டது. சரவிளக்குக் கொக்கியில், தரைப் புகைக்காக ஷூட்டிங் தொடங்கிய நாளே நாங்கள் தொங்கவிட்டது. உச்சந்தலைக்கு நேர் மேலே இருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் நெற்றியும் மூக்கும் தெரியும், கண்குழி இரண்டும் இருண்டுவிடும். மற்ற லைட்டை அணைத்துவிட்டால் கண் என்று ஒன்று இருப்பதே தெரியாது. லென்ஸே வேண்டாம்.

ரூஸி சாப்பிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் செல்வியக்காவை டாப் லைட்டுக்கு அடியில் நிற்கச் சொல்லி மற்றதையெல்லாம் அணைக்கவைத்தார். "வெள்ளைக் கண் எங்கே?" என்று கத்தியபடி வந்த டைரக்டர், கேமராவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் போய் உட்கார்ந்தார். கண்ணில்லாத அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பேய்க்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

அந்த லைட் ஆறு டேக்கிலும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எரிந்தது எங்கள் கண் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. என் படங்களில் யாருக்கும் நான் லென்ஸ் போடவிட்டதில்லை.

முதல் டேக்கே ஓகே. செல்வியக்கா இந்த முறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். யூனிட் அசையாமல் நின்றது. டார்ச் அடித்து நாலு ஓரத்தையும் இரண்டு முறை பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"கேட் கிளியர்" என்றேன்.

யாரும் நகரவில்லை. ரூஸி சாப் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, குனிந்து தானே ஒருமுறை பார்த்தார். பிறகு டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் படம் முடியும்வரை ஒவ்வொரு டேக்குக்கும் அப்படியே எழுந்து வந்தார். அடுத்த படத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.